செவ்வாயில் ஊர் அமைக்க முடியுமா?

கேள்வி இது: "மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். தன் காலத்திலேயே செவ்வாயில் மனிதர்கள் குடியேறிவிடுவார்கள் என்று அடித்துச் சொல்கிறான். உண்மையிலேயே நடக்கக்கூடியதா? நடக்கும் என்றால் அவன் என்ன படிக்கலாம்?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனிதர்கள் செவ்வாய்க்குப் போய்த் திரும்புவது உங்கள் மகன் காலத்தில் நடக்கலாம். ஆட்கள் மாறி மாறிப் போய்த் தங்கும் ஒரு முகாமும் வரலாம். ஊர் வராது என்பது என் கணிப்பு. ஊர் என்றால் பிள்ளை பிறந்து, பள்ளிக்கூடம் போய், வயதாகி, அங்கேயே அடக்கமாகிற இடம். வெளியிலிருந்து வண்டி வருவது நின்றுபோனாலும் தாக்குப்பிடிக்கிற இடம்.

என் தொழிலையும் சொல்லிவிடுவது நல்லது. இருபது வருஷத்துக்கு மேல் தொழிற்சாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். கம்ப்ரசர், பம்ப், குளிர்பதன லைன், இவைதான் என் உலகம். விண்வெளி பற்றி வாசிப்பது பழைய பைத்தியம். எல்லோரும் ராக்கெட்டைப் பார்த்து வாயைப் பிளக்கும்போது எனக்கு "ஸ்பேர் எங்கே இருக்கிறது?" என்றுதான் கேட்கத் தோன்றும். பதிலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

2024 மே மாதக் கடைசியில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரு பம்ப் படுத்துவிட்டது. சிறுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கும் அமைப்பின் பம்ப் அது. அது நின்றால் சிறுநீரைப் பிடித்துச் சேர்த்து வைக்க வேண்டியதுதான், அதற்கும் அங்கே இடம் குறைவு. நல்லவேளையாக அடுத்த சில நாளில் ஸ்டார்லைனர் விண்கலம் கிளம்ப இருந்தது. சுமார் 70 கிலோ எடையுள்ள மாற்றுப் பம்பை அதில் ஏற்றினார்கள். எடைக் கணக்கு இடித்ததால் அதில் போகவிருந்த சுனிதா வில்லியம்ஸ், புட்ச் வில்மோர் இருவருடைய துணிப்பெட்டிகளையும் இறக்கி வைத்துவிட்டார்கள். ஜூன் 5 அன்று கிளம்பியது, மறுநாள் பம்ப் போய்ச் சேர்ந்தது. (எட்டு நாள் போல இருந்துவிட்டு வரலாம் என்று போனவர்கள் வாகனக் கோளாறால் 286 நாள் மாட்டிக்கொண்டது தனிக்கதை. துணிப்பெட்டியை இறக்கிய நேரம் அப்படி.)

விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் சுமார் 400 கிலோமீட்டரில் இருக்கிறது. சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் தூரம்கூட இல்லை. 2000 நவம்பரிலிருந்து அங்கே ஆள் இல்லாத நாளே கிடையாது. தண்ணீரில் 98 சதவீதத்தைத் திரும்ப எடுக்கும் அளவுக்கு 2023-ல் கொண்டுவந்துவிட்டார்கள். கால் நூற்றாண்டு அனுபவம், உலகின் மிகச் சிறந்த பொறியாளர்கள், அப்படியிருந்தும் ஒரு பம்ப் போனால் கீழேயிருந்துதான் வர வேண்டும்.

இதையே செவ்வாயில் வைத்துப் பாருங்கள். பூமியும் செவ்வாயும் பயணத்துக்குத் தோதாக அமைவது ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒருமுறை. அதன்பின் வழியில் ஆறேழு மாதம். கப்பல்கள் கிளம்பிப் போன மறுவாரம் உங்கள் பம்ப் உடைந்தால், அடுத்த பம்ப் கைக்கு வர 33 மாதம் ஆகும். வந்த பெட்டியைத் திறந்து பார்த்தால் சைஸ் தப்பு என்றால்? இன்னொரு 26 மாதம்.

சைஸ் தப்பு என்பதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒருமுறை எங்கள் பெரிய கம்ப்ரசரில் ஷாஃப்ட் சீல், அதாவது சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் வளையம், போய்விட்டது. ஆர்டர் போட்டதில் பார்ட் நம்பரில் ஒரு எண் மாறிவிட்டது. எழுதியவன் நான்தான். வந்த சீல் ஒரு மில்லிமீட்டர் பெரியது. சரியானது வெளிநாட்டிலிருந்து வந்து சேர 11 நாள். அந்த 11 நாளும் பக்கத்து யூனிட்டில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ஒரு பழைய கம்ப்ரசரில் ஓட்டினோம். செவ்வாயில் பக்கத்து யூனிட் கிடையாது.

முப்பரிமாண அச்சு இயந்திரம் இருக்கிறதே, வேண்டியதை அங்கேயே அச்சடித்துக்கொள்ளலாமே என்பார்கள். பிராக்கெட், கைப்பிடி, குழாய் மூட்டு எல்லாம் அச்சடிக்கலாம், சரி. பேரிங்குக்கு வேண்டிய எஃகும் அதன் வழவழப்பும் எங்கிருந்து வரும்? மின்னணுச் சில்லு? எல்லாவற்றையும் விட ரப்பர்? ஏர்லாக் (வெளியே போகவர இரட்டைக் கதவு வைத்த அறை) கதவு காற்றைப் பிடித்து வைத்திருப்பதே ஒரு ரப்பர் வளையத்தால்தான். குளிரில் ரப்பர் விறைக்கும். ஒரு ஓ-ரிங் விறைத்தால் என்ன ஆகும் என்பதை 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்வெளி ஓட விபத்தில் ஏழு உயிரைக் கொடுத்து உலகம் பார்த்தது. அன்றைக்குக் காலை ஃபுளோரிடாவில் இருந்தது தண்ணீர் உறையும் அளவு குளிர், அவ்வளவுதான். செவ்வாயின் சராசரியே மைனஸ் 60 டிகிரிக்குப் பக்கம்.

அங்கே வெளியே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். காற்றழுத்தம் சுமார் 6 மில்லிபார், நம்முடையது 1,013. அந்தக் கொஞ்சக் காற்றிலும் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. அழுத்த உடையில்லாமல் வெளியே போனால் வாயில் ஊறும் எச்சிலே கொதித்துவிடும்.

செவ்வாய் ஊர் என்றால் ஓவியங்களில் ஒரு பெரிய கண்ணாடிக் கூண்டும் உள்ளே மரங்களும் வரும். அதைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு. உள்ளே பூமியின் காற்றழுத்தத்தை வைத்தால் ஒவ்வொரு சதுர மீட்டர் கண்ணாடியையும் சுமார் 10 டன் விசை வெளியே தள்ளும். நம் ஊரில் கூரை விழுந்துவிடக் கூடாதே என்று கட்டுகிறோம். அங்கே கூரை பிய்த்துக்கொண்டு பறக்கக் கூடாதே என்று கட்ட வேண்டும். மேலே மண்ணைக் கொட்டி அமுக்கலாம் என்றால், ஈர்ப்பு பூமியினுடையதில் 38 சதவீதம்தான், மண்ணும் இலேசாகிவிடும். நான் போட்டுப் பார்த்த கணக்கில், கனமீட்டருக்கு ஒன்றரை டன் எடையுள்ள மண்ணை 18 மீட்டர் உயரம் குவித்தால்தான் அந்த அழுத்தம் சமனாகும். ஆறு மாடி உயரம். உள்ளே அழுத்தத்தைக் குறைத்து, ஆக்சிஜன் விகிதத்தைக் கூட்டி ஓரளவு சமாளிக்கலாம். அப்போது தீப்பிடிக்கும் ஆபத்து கூடும்.

மண்ணுக்கடியில் போக இன்னொரு காரணம் கதிர்வீச்சு. க்யூரியாசிட்டி ரோவர் செவ்வாய்த் தரையில் அளந்தது நாளொன்றுக்கு சுமார் 0.67 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). வருஷத்துக்கு 245 வருகிறது. பூமியில் இயற்கையாக ஒருவருக்குக் கிடைப்பது உலக சராசரியில் 2.4. நாசா தன் விண்வெளி வீரருக்கு வாழ்நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பு 600. போகவரும் பயணத்திலேயே அதைத் தாண்டிவிடலாம். ஆக, இரண்டு மூன்று மீட்டர் மண்ணாவது தலைக்கு மேல் வேண்டும். ஜன்னல் வைத்த வீடு என்ற ஆசையை விட்டுவிடலாம்.

தோண்டுவது சுலபமா? 2018-ல் இறங்கிய இன்சைட் கலத்தில் ஜெர்மானியர்கள் ஒரு கருவி அனுப்பினார்கள். ஆணி போலத் தன்னைத்தானே அடித்துக்கொண்டு 5 மீட்டர் ஆழம் போய் வெப்பம் அளக்க வேண்டும். மண் பிடிமானமே கொடுக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு வருஷம் போராடினார்கள். இயந்திரக் கையை வைத்து அமுக்கிக்கூடப் பார்த்தார்கள். கருவியின் தலை தரைக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் போனதோடு சரி. 2021 ஜனவரியில் கைவிட்டார்கள். அங்கே ஒரு ஆள் கடப்பாறையோடு இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் என்று மனிதப் பயணத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதுண்டு. அது நியாயமான வாதம்தான். ஆனால் அந்த மண்ணைப் பற்றி நமக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பதற்கும் அதே கதைதான் சாட்சி.

நல்ல செய்திகளும் உண்டு. தண்ணீர் இருக்கிறது. 2021 டிசம்பர் 24 அன்று செவ்வாயில் ஒரு விண்கல் மோதி சுமார் 150 மீட்டர் அகலத்துக்குப் பள்ளம் பறித்தது. அந்த அதிர்வை இன்சைட் பதிவு செய்தது. பிறகு மேலேயிருந்து படம் எடுத்துப் பார்த்தால் பள்ளத்தைச் சுற்றிப் பனிக்கட்டித் துண்டுகள் சிதறிக் கிடந்தன. துருவத்துக்குப் போகாமல் வட அட்சம் 35 டிகிரியிலேயே பனி. ஆக்சிஜனும் செய்து காட்டிவிட்டார்கள். பெர்செவரன்ஸ் ரோவரில் இருந்த மாக்ஸி என்ற சிறு பெட்டி, செவ்வாயின் காற்றை இழுத்து, சூடாக்கி, கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து, 2021 முதல் 2023 வரை 16 முறை ஓடி 122 கிராம் ஆக்சிஜன் எடுத்தது. வேறொரு கிரகத்தின் காற்றிலிருந்து மனிதன் எடுத்த முதல் ஆக்சிஜன் அது. எனக்கு உண்மையிலேயே மயிர்க்கூச்செறிந்தது. அப்புறம் கணக்குப் போட்டேன். ஒரு ஆளுக்கு நாளுக்கு 840 கிராம் வேண்டும். 122 கிராம் மூன்றரை மணி நேரத்துக்குக் காணும். நான்கு பேரைத் தரையிலிருந்து மேலேற்றும் ராக்கெட்டுக்கோ சுமார் 25 டன் ஆக்சிஜன் வேண்டும் என்பது நாசாவின் மதிப்பீடு. கருவியைப் பெரிதாகச் செய்யலாம், அதில் சந்தேகமில்லை. எத்தனை வருஷம் நிற்காமல் ஓடும் என்பதுதான் என் தொழில் கேட்கும் கேள்வி.

சாப்பாட்டுக்கு வருவோம். 2008-ல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பு இருப்பதைக் கண்டுபிடித்தது, அரை சதவீதம் அளவுக்கு. தைராய்டைப் பாதிக்கும் சரக்கு. மண்ணைக் கழுவி உப்பை எடுத்துவிடலாம். அதற்குமேல் அதில் மக்கிய சத்து எதுவும் கிடையாது, தெரிந்தவரை நுண்ணுயிரும் கிடையாது. உரமும் புழுவும் நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

மூடிய இடத்தில் பயிர் செய்து பிழைப்பதை ஒருமுறை நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில், அரிசோனாவில், பயோஸ்பியர் 2. மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகமான கண்ணாடிக் கட்டடம். உள்ளே குட்டி மழைக்காடு, குட்டிக் கடல், சதுப்பு நிலம், சுமார் அரை ஏக்கர் வயல். 1991 செப்டம்பர் 26 அன்று நான்கு ஆண்களும் நான்கு பெண்களும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டு வருஷம் இருப்பதாகத் திட்டம். இருந்தும் காட்டினார்கள். நெல், வாழை, பப்பாளி, நிலக்கடலை, மொச்சை என்று பயிர் செய்தார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு அமோகமாக வந்தது, தின்று தின்று தோலே ஆரஞ்சு நிறமாகிவிட்டது. பன்றி வளர்த்தார்கள். மனிதனுக்கான தீனியை அது தின்கிறது என்று அடித்துச் சாப்பிட்டுவிட்டார்கள். எப்போதும் பசி. எல்லோரும் இளைத்தார்கள்.

அதில் சாப்பாட்டைவிடப் பெரிய பாடம் காற்றில் இருந்தது. உள்ளே ஆக்சிஜன் மெல்லமெல்லக் குறைந்தது. 20.9 சதவீதத்திலிருந்து பதினாறு மாதத்தில் பதினான்கரைக்குப் பக்கம் வந்துவிட்டது. நாலாயிரம் மீட்டர் மலைமேல் இருப்பதற்குச் சமம். மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, ராத்திரி தூக்கம் போனது. எங்கே போகிறது என்று யாருக்கும் புரியவில்லை. பயிர் நன்றாக வர வேண்டுமென்று மக்கு நிறைந்த வளமான மண்ணை நிரப்பியிருந்தார்கள். அதிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விட்டன. அப்படியானால் கார்பன் டை ஆக்சைடு அந்த அளவுக்கு ஏறியிருக்க வேண்டுமே, ஏறவில்லை. கடைசியில் கண்டுபிடித்தார்கள்: கட்டடத்தின் சிமெண்ட் கான்கிரீட் அதை உறிஞ்சிச் சுண்ணாம்புக் கல்லாக மாற்றிக்கொண்டிருந்தது. சுவரே அவர்கள் மூச்சைக் குடித்துக்கொண்டிருந்தது. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் கொண்டுவந்து செலுத்தினார்கள்.

வெளியிலிருந்து கொண்டுவர முடிந்தது, ஏனென்றால் அது அரிசோனா. அதே கட்டடத்தில் ஆரம்ப நாட்களில் ஜேன் பாய்ன்டர் என்பவருடைய விரல் நுனி நெல்லடிக்கும் இயந்திரத்தில் துண்டாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சில மணி நேரத்தில் திரும்பினார். எட்டுப் பேரும் நாலு நாலாகப் பிரிந்து, ஒரு கட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காரணம் வில்லன்தனம் எதுவும் இல்லை. பசி, மூச்சு முட்டல், எப்போதும் அதே எட்டு முகம்.

இதைப் படித்துவிட்டு நான் அண்டார்டிகா பக்கம் யோசிப்பேன். அங்கே காற்று இலவசம். காலடியில் உலகத்தின் மிகப் பெரிய நன்னீர்ச் சேமிப்பு. ஈர்ப்பு முழுசாக இருக்கிறது. கோடையில் கப்பல் வரும். இந்தியாவின் மைத்ரி நிலையம் 1989-லிருந்து இயங்குகிறது. இருந்தும் ஆட்கள் ஒரு வருஷம் போல இருந்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். யாரும் அங்கே வீட்டுமனை வாங்கவில்லை. சர்வதேச ஒப்பந்தமும் ஒரு தடை என்பது உண்மை. ஆனால் தடையை நீக்கினால் கூட்டம் முண்டியடிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மைத்ரி இருக்கும் அதே ஷிர்மாக்கர் பாறைப் பகுதியில்தான் ரஷ்யர்களின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையமும் இருக்கிறது. 1961 ஏப்ரல் கடைசியில் அங்கிருந்த ஒரே மருத்துவருக்குக் குடல்வால் அழற்சி வந்தது. லியோனிட் ரோகோசோவ், வயது 27. வெளியே பனிப்புயல், விமானம் வர வழியில்லை. உதவிக்கு நின்றவர்கள் கண்ணாடி பிடிக்க, மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு தன் வயிற்றைத் தானே கிழித்துக் குடல்வாலை வெட்டி எடுத்தார். ஒன்றே முக்கால் மணி நேரம். பிழைத்தார். செவ்வாயில் பூமியின் டாக்டரிடம் யோசனை கேட்கலாம்தான். கேள்வி போய்ச் சேரவே தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம், பதில் வர அதே அளவு.

ஊர் என்ற சொல்லுக்குப் பிள்ளைகள் வேண்டும். இங்கேதான் அறிவியலின் கையிருப்பு அனேகமாகப் பூஜ்யம். எடையற்ற நிலையில் 437 நாள் தொடர்ந்து இருந்த வலேரி பொல்யாகோவ் போன்றவர்களின் உடல் பற்றித் தெரியும். பயிற்சி இல்லாவிட்டால் மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை எலும்பு கரையும் என்று தெரியும். 38 சதவீத ஈர்ப்பில் என்ன ஆகும்? மனிதர்கள் குறைந்த ஈர்ப்பில் அதிகபட்சம் இருந்தது சந்திரனில் மூன்று நாள், 1972-ல் அப்போலோ 17. விண்வெளியில் இதுவரை எந்தப் பாலூட்டியும் பிறந்ததில்லை. 1983-ல் சோவியத் நாடு சினை எலிகளை அனுப்பியது, அவை பூமிக்குத் திரும்பி வந்துதான் குட்டி போட்டன. செவ்வாயில் வளரும் குழந்தையின் எலும்பும் இதயமும் எப்படி உருவாகும், அது பிற்பாடு பூமிக்கு வந்தால் நிற்க முடியுமா, யாராலும் சொல்ல முடியாது. தானாக விரும்பிப் போகிற பெரியவர் வேறு. கேட்காமலே அங்கே பிறந்துவிடும் பிள்ளை வேறு.

பெரிய அறிவிப்புகளைப் பற்றியும் உங்கள் மகன் சொல்லியிருப்பான். ஒருவழிப் பயணத்துக்கு ஆள் சேர்த்த மார்ஸ் ஒன் நிறுவனம் 2019-ல் திவாலானது. எலான் மஸ்க் 2017-ல் அடிலெய்டில் பேசும்போது 2022-ல் சரக்கு, 2024-ல் மனிதர்கள் என்றார். இரண்டும் நடக்கவில்லை. அதற்காக அவரைக் கிண்டல் செய்துவிட்டுப் போக முடியாது. திரும்ப வந்து இறங்கும் ராக்கெட்டை அன்றாட விஷயமாக்கியது ஸ்பேஸ்எக்ஸ்தான், சரக்குச் செலவு குறையக் குறைய முகாம் என்ற யோசனைக்கு வலு கூடும். ஆனால் இதுவரை செவ்வாயில் இறக்கியதில் பெரிய ரோவர் பெர்செவரன்ஸ், எடை ஒரு டன். மனிதர் தங்கும் கலம் என்றால் பல பத்து டன். பாராசூட்டுக்குப் போதாத, சூட்டில் எரிக்க மட்டும் போதுமான காற்று அங்கே. அந்த இறக்கத்தை இன்னும் யாரும் செய்து காட்டவில்லை.

110 பேர் இருந்தால் ஒரு குடியேற்றம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று ழான் மார்க் சலோட்டி என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் 2020-ல் கணக்கிட்டு எழுதினார். ஆட்களின் உழைப்பு நேரத்தையும் தேவைகளையும் வைத்துப் போட்ட கணக்கு. எங்கள் ஸ்டோர்ஸில் ஆயிரக்கணக்கில் ஐட்டம் இருக்கிறது. அதில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தொழிற்சாலை, அதற்குப் பின்னால் சுரங்கமும் எண்ணெய்க் கிணறும். அதையெல்லாம் 110 பேர் பகிர்ந்துகொள்வதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. செவ்வாயையே சூடாக்கி இன்னொரு பூமியாக மாற்றும் பேச்சை நான் எடுக்கவே போவதில்லை. அங்கே கைக்கெட்டும் கார்பன் டை ஆக்சைடு எல்லாவற்றையும் காற்றில் விட்டாலும் போதாது என்று 2018-லேயே ஜகோஸ்கி, எட்வர்ட்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் காட்டிவிட்டார்கள்.

என்னைக் கேட்டால் முதலில் சந்திரன். அது கிரகமில்லை, காற்று சுத்தமாகக் கிடையாது, இரவு மட்டுமே நம் கணக்கில் 14 நாள். இருந்தாலும் ஸ்பேர் மூன்று நாளில் வந்துவிடும். எந்த மாதமும் கிளம்பலாம். ஆள் உடம்பு சரியில்லை என்றால் திருப்பி அனுப்பலாம். தண்ணீர் இருப்பதை உறுதிப்படுத்தியதில் 2008-ல் போன சந்திரயான்-1-க்குப் பங்கு உண்டு. பின்னால் சந்திரயான் தரையிறங்கு கலங்களைச் சோதிக்க, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளைப் பொடித்துத்தான் இஸ்ரோ சந்திர மண்ணைப் போலச் செய்தது. அந்தப் பாறை சந்திர மேட்டுநிலப் பாறையின் வகை. செவ்வாய் முகாமுக்கு வேண்டிய பம்பும் சீலும் பத்து வருஷம் சந்திரனில் ஓடிக் காட்டிய பிறகு, நான் என் கணிப்பை மாற்றிக்கொள்ளத் தயார்.

மகன் என்ன படிக்கலாம்? ராக்கெட் பக்கம் ஏற்கெனவே கூட்டம். ஆள் பற்றாக்குறை வேறு இடத்தில். மூடிய அறைக்குள் காற்றையும் நீரையும் சுழற்றும் உயிர்காப்பு அமைப்புகள், மண் நுண்ணுயிரியல், குளிரிலும் தூசியிலும் விறைக்காத பாலிமர்கள், கதிர்வீச்சு மருத்துவம். எதை எடுத்தாலும் இங்கேயே வேலை இருக்கிறது, செவ்வாய் கைகொடுக்காவிட்டாலும் சோறு போடும். பரீட்சை முடிந்ததும் ஒரு பம்ப் ரிப்பேர் கடையில் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். ஒரு மெக்கானிக்கல் சீலைக் கழற்றி, அதன் உரசும் முகத்தைத் துடைத்து, புது ஓ-ரிங் போட்டு, திரும்பப் பூட்டித் தண்ணீர் விடட்டும். முதல் தடவை கசியும். எனக்கும் கசிந்தது.